கடை வெள்ளை

மார்ச் 4, செவ்வாய்

நான்காவது சிப்பாயின் மார்புக் கவசம் இன்றும் சரியாக வரவில்லை. மூன்று முறை பூசி மூன்று முறை துடைத்தாயிற்று. வெள்ளை வர வேண்டிய இடத்தில் பழைய பத்திரிகைத் தாளின் நிறம் வருகிறது.

பிறகு படிக்கும்போது குழம்பாமல் இருக்க விவரத்தை எழுதிவைக்கிறேன். மொத்தம் பத்துச் சிப்பாய் பொம்மைகள், கட்டைவிரல் உயரம், தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம். பொம்மை தீட்டுகிற எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு மே மாதக் கடைசியில் வைக்கும் காட்சிக்காக. ஐந்து என் பங்கு, ஐந்து மச்சினன் பங்கு. பத்தும் ஒரே படை. ஒன்றாக நிற்கும்போது எது யார் கைவேலை என்று தெரியக் கூடாது.

வெள்ளைக் கவசத்தை வெள்ளையால் தீட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. நேராக வெள்ளையை அடித்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். அதற்கு மேல் வெளிச்சம் காட்ட வேறு நிறமும் மிச்சம் இருக்காது. முதலில் சாம்பல் அடிப்பூச்சு. அதன் மேல் வெளிர்ச் சாம்பல். பிறகு வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அக்ரிலிக்கைத் தண்ணீர்ப் பால் பதத்துக்குக் கரைத்து, ஏழெட்டுப் படலம். இடுக்குகளில் பழுப்பு கலந்த நிழல். தனி வெள்ளை கடைசியில்தான், அதுவும் தோள் விளிம்பு, முழங்கால், தலைக்கவசத்தின் நுனி என்று மூன்றே இடங்களில்.

பெயிண்ட் கடையில் புட்டியில் விற்கிற வெள்ளைக்கு எங்களுக்குள் கடை வெள்ளை என்று பெயர். என் குறிப்பேட்டில் நான்கு வருடத்துக்கு முன் எழுதியது: “கடை வெள்ளை நான்கு துளி, சாம்பல் ஒரு துளி. பால் வெள்ளை. சரியாக வந்தது.” அதே நான்கு, அதே ஒன்று. இன்று மஞ்சள்.

மார்ச் 6, வியாழன்

முறையாகச் சோதித்தேன். தூரிகை புதிது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தேன். பெயிண்ட் காயாமல் இருக்க வைத்திருக்கும் ஈரத்தட்டின் காகிதத்தை மாற்றினேன். சாம்பலை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பூசிக் காயவைத்தேன். மஞ்சள்தான்.

அலமாரியிலிருந்து நான்கு வருடத்துக்கு முந்தைய சிப்பாயை எடுத்துப் பார்த்தேன். அதுவும் மஞ்சளித்திருக்கிறது. குறிப்பில் பால் வெள்ளை என்று இருக்கிறது. ஆக, இந்த வெள்ளை புட்டியிலும் மஞ்சளிக்கிறது, பொம்மை மேலும் மஞ்சளிக்கிறது.

செய்முறை மாறவில்லை. தூரிகையும் தண்ணீரும் குற்றமற்றவை. மாறியது புட்டி மட்டும்.

முப்பத்தோரு வருடம் நிருபராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு இப்படி ஒரு செய்தி சமையலறை மேசை மேலேயே கிடைத்தால் சும்மா இருக்க முடிகிறதா?

மார்ச் 9, ஞாயிறு

குழு கூடுவது நாங்கள் பெயிண்ட் வாங்குகிற கடையின் பின்னறையில். எட்டு நாற்காலி, நீள மேசை ஒன்று, உயரத்தில் சின்ன ஜன்னல். கடைக்காரம்மா வாடகை கேட்பதில்லை. வருகிறவர்கள் தூரிகையோ பெயிண்டோ வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். கடை வெள்ளை அவருடைய சொந்தச் சரக்கு. பெரிய டப்பாவில் வரவழைத்து, சின்னச் சொட்டுப் புட்டிகளில் தானே நிரப்பி, தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி விற்கிறார். ஊரில் இந்த வேலை செய்கிற அத்தனை பேரும் அதைத்தான் வாங்குகிறோம். வெளியூரிலிருந்தும் கேட்டு அனுப்புகிறார்கள். கடை ஓடுவதே அந்தப் புட்டியால் என்று அவரே ஒருமுறை சொன்னார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். டப்பா மாறியதா? நிரப்பும்போது எதையாவது சேர்க்கிறீர்களா? டப்பா அதேதான், சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றார். நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்தார்.

“வேற யாரும் இப்படிச் சொல்லலையே சார். நீங்க மட்டும்தான் சொல்றீங்க.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மச்சினன் மாலையில் வந்தான். பல் டாக்டர். கடைசி நோயாளி வரவில்லை என்றால் அக்காவைப் பார்க்கிற சாக்கில் என் மேசைக்கு வந்துவிடுவான். கரண்டியை விளக்கடியில் காட்டி, “மஞ்சளா தெரியுது இல்ல?” என்று கேட்டேன். பிஸ்கட் வாயோடு குனிந்து பார்த்தான். “ஆமா அத்தான், லேசா மஞ்சளாத்தான் இருக்கு” என்றான்.

இரண்டாவது சாட்சி கிடைத்தாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

குழுவுக்கு மாதம் ஒரு சுற்றிதழ் உண்டு. நான்கு பக்கம், நகலெடுத்து அறுபது பேருக்குப் போகிறது. எழுதுவதும் தொகுப்பதும் நான். இந்த மாதத்துக்கு எழுதி முடித்தேன். தலைப்பு: “கடை வெள்ளை மஞ்சளிக்கிறதா?” கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சோதனை விவரம், பழைய சிப்பாய், கடைக்காரரின் மறுப்பு, பல் மருத்துவர் ஒருவரின் உறுதி. ஒரு பெயரடை கூட இல்லை.

மனைவி படித்துவிட்டு, அந்தம்மாவிடம் இதைக் காட்டினீர்களா என்று கேட்டாள். அவர் சொன்னதை உள்ளேயே போட்டிருக்கிறேனே என்றேன்.

“போட்டிருக்கீங்க. காட்டினீங்களான்னு கேட்டேன்.”

அச்சுக்குப் போகும் முன் யாருக்கும் காட்டுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

மார்ச் 16, ஞாயிறு

இதழ் கொடுத்தாயிற்று. பின்னறையில் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் குழுவில் இருக்கிற தபால்காரர் வாங்க எடுத்த வெள்ளைப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்ததைப் பார்த்தேன். பத்திரிகையில் எழுதியபோது வாசகன் என்ன செய்தான் என்று ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இது புது அனுபவம்.

கடைக்காரம்மா இதழை நான்காக மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். எனக்கு டீ வந்தது. எல்லாருக்கும் வந்த மாதிரியே வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

எட்டு நாற்காலியில் நான்கு காலி.

மார்ச் 25, செவ்வாய்

விசித்திரம்.

தபால்காரர் வேறு ஊரிலிருந்து வேறு நிறுவனத்தின் வெள்ளை ஒன்றை வரவழைத்திருந்தார். எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார். கரண்டி முதுகில் பூசினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அதே மஞ்சள். அட்சரம் பிசகாமல் அதே மஞ்சள்.

இரண்டு கடை, இரண்டு டப்பா, ஒரே கோளாறு. எல்லாருக்கும் மூலச்சரக்கு ஒரே இடத்திலிருந்து வருகிறதோ? அப்படியென்றால் செய்தி இன்னும் பெரிது. அல்லது —

அல்லதுக்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

காட்சிக்கு நாள் நிற்காது. கலவையில் நீலத்தைப் பொட்டுப் பொட்டாகச் சேர்த்தேன். மஞ்சள் அடங்கிவிட்டது. நான்காவது சிப்பாய் இப்போது பளிச்சென்று நிற்கிறான். மற்ற நால்வர் மேலும் அதே கலவையில் ஒரு படலம் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இந்த வாரம் குழு, எங்களில் ஒருவரான வங்கிக்காரர் வீட்டு மாடியில் கூடியது. யார் மாற்றச் சொன்னார்கள் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. “அங்க உக்காந்து அவங்க பெயிண்ட்டை வாங்காம வர்றது சங்கடமா இருக்கு, நிருபர் சார்” என்றார் வங்கிக்காரர். அது நியாயம்தான். அந்தச் சங்கடத்தை உண்டாக்கியவன் நான். அதுவும் நியாயம்தான்.

திரும்பும்போது கடை வழியாக வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. பின்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு நாற்காலியும் மேசையை ஒட்டி வரிசையாக இருந்தன. அவர் வாசலில் யாருக்கோ பட்டம் ஒட்டுகிற பசை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ச்சாரியில் நடந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஐந்து சிப்பாய்களையும் ஜன்னல் விளிம்பில் நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன இது, அஞ்சு பேரும் நீலம் பாரிச்சுக் கிடக்கானுங்க? விஷம் குடிச்சானுங்களா?”

நீலம் சேர்த்தது உனக்கு முன்பே தெரியும், அதனால் நீலமாகத் தெரிகிறது என்றேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு, போகிற போக்கில் சொன்னாள்: “உங்க சட்டையும் அப்படித்தான். துவைக்கிற வேலைய நீங்க எடுத்துக்கிட்ட நாள்லேர்ந்து வீட்ல ஒரு வெள்ளைத் துணியும் வெள்ளையா இல்ல. சொட்டு நீலத்தைக் கவுத்து ஊத்துறீங்க.”

துணி மஞ்சளாக இருப்பதால்தான் நீலம் விடுகிறேன்.

எழுதிய வரியைத் திரும்பப் படிக்கிறேன். துணி மஞ்சளாக இருப்பதால்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு மச்சினன் தன் ஐந்து சிப்பாய்களையும் கொண்டுவந்தான். பத்தையும் மேசை மேல் ஒரே வரிசையில் நிறுத்தினோம். அவனுடையவை எனக்கு அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தன. அவன் என்னுடையவற்றைப் பார்த்துவிட்டு, “என் ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க, உங்க ஆளுங்க ஐஸ் பெட்டிக்குள்ள நிக்கிறாங்க” என்றான். அவன் எந்த வெள்ளையைப் பயன்படுத்தினான் என்று கேட்டேன். கடை வெள்ளைதான், போன மாதம் வாங்கியது என்றான். அப்படியானால் நீயே மஞ்சள் என்று சொன்ன வெள்ளையை ஏன் வாங்கினாய் என்றேன்.

“நான் எப்ப சொன்னேன்?”

இதழை எடுத்துக் காட்டினேன். ‘பல் மருத்துவர் ஒருவரும் இதை உறுதிசெய்தார்.’ அவனுக்கு இதழ் அனுப்பியிருந்தேன், படிக்கவில்லை. இப்போது படித்தான். முகம் மாறிவிட்டது.

“அத்தான், நான் பிஸ்கட் தின்னுட்டிருந்தேன். உங்க மேசை விளக்கு குண்டு பல்பு, அதுக்கடியில பாலைக் காட்டினாலும் மஞ்சளாத்தான் இருக்கும். ‘மஞ்சளா தெரியுது இல்ல?’ன்னு நீங்களே கேட்டீங்க, ஆமான்னேன். அதையா சாட்சின்னு போட்டீங்க?”

இதழை மடித்து ஓரமாக வைத்தேன்.

பிறகு அவன் காரிலிருந்து ஒரு பட்டையை எடுத்துவந்தான். பல் கட்டும்போது நோயாளியின் பல்லோடு நிறம் பொருத்திப் பார்க்கிற பட்டை. பதினாறு போலிப் பற்கள், வெள்ளையிலிருந்து பழுப்பு வரை. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் வித்தியாசம் மயிரிழை. எண்களை டேப் ஒட்டி மறைத்து, கலைத்துப்போட்டு, ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளுப்பிலிருந்து வரிசையாக அடுக்குங்கள் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுக்கினேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அவளையும் அடுக்கச் சொன்னான்.

டேப்பைப் பிரித்தான். மனைவிக்கு ஒரே ஒரு இடம் மாறியிருந்தது. எனக்கு ஒன்பது. வெளுப்புப் பக்கத்து ஆறு பற்களில் மூன்றை நான் ‘ஒரே நிறம், வித்தியாசம் இல்லை’ என்று தனியாக ஒதுக்கிவைத்திருந்தேன்.

மச்சினன் பற்களைத் திரும்பக் கோத்தபடி மெதுவாகச் சொன்னான்.

“இது பெயிண்ட் கேஸ் இல்ல அத்தான். கண் கேஸ்.”

ஏப்ரல் 7, திங்கள்

மாறியிருக்கக்கூடியவற்றைப் பட்டியல் போட்டபோது நான் என்னைச் சேர்க்கவே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கண் டாக்டர் இளம் பெண், வேகமாகப் பேசுகிறார். இரண்டு கண்ணிலும் புரை. இடதில் அதிகம். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் பதில் சொன்னார்.

கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆகப் பழுப்பேறுமாம். நாளுக்கு ஒரு துளி என்கிற கணக்கில் நடப்பதால் ஆளுக்கே தெரியாது. நீலத்தைத்தான் அது முதலில் விழுங்கும்.

“டீ வடிகட்டி வழியா உலகத்தப் பாத்துட்டு இருந்திருக்கீங்க சார். எவ்வளவு நாளா வண்டி ஓட்டுறீங்க இப்படி?”

எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டேன். நான்கைந்து வருடம் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓய்வுபெறும் முன் கடைசி இரண்டு வருடங்களில் நான் பார்த்து எழுதியவை எத்தனை? தீப்பிடித்த கிடங்கின் புகை என்ன நிறம் என்று எழுதினேன்? நினைவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறுவை சிகிச்சை 29ஆம் தேதி. முதலில் இடது கண்.

ஏப்ரல் 12, சனி

கண் சரியான பிறகு, சரியாகப் பார்த்து, உறுதியான பிறகு திருத்தம் போடலாம் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி காலையில், குற்றம் சாட்டும்போது கண் சரியாக இருந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அச்சுக்கு முன் ஒருவரிடம் காட்டுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

கடையில் வேறு யாரும் இல்லை. வெள்ளைப் புட்டிகள் அலமாரியில் இரண்டு வரிசை, அசையாமல் நின்றன. சீட்டுகளில் மெல்லிய தூசி. முன்பு அந்த வரிசைக்குத் தூசி பிடிக்க நேரம் இருக்காது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். நான் உட்காரவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அரைப்பக்கம் எழுதியிருந்தேன். லென்ஸ் எப்படிப் பழுப்பேறுகிறது, நீலம் ஏன் முதலில் போகிறது, பல் டாக்டரின் பட்டைச் சோதனை, ஒன்பது இடம் தவறியது, எல்லாம் நன்றாகவே வந்திருந்தது.

“உங்க கண்ணப் பத்தி அரைப்பக்கம் இருக்கு சார்,” என்றார். “என் பெயிண்ட்டப் பத்தி ஒரு வரி இருக்கு. அதுவும் கடைசியில.”

தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார், மணல் காகிதம் கேட்டு.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவர் சொன்னது சரி. தப்பு செய்தவன் அதிலும் ஒரு சுவாரசியமான செய்தியைக் கண்டுபிடித்து அதற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

மறுபடி எழுதியது:

“சென்ற மாத இதழில் முதல் பக்கத்தில் கடை வெள்ளை மஞ்சளிப்பதாக எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. கடை வெள்ளையில் எந்தக் குறையும் இல்லை. அதில் எதுவும் கலக்கப்படவில்லை. டப்பாவும் மாறவில்லை. கடைக்காரர் அன்றே இதைச் சொன்னார், நான் நம்பவில்லை. உறுதிசெய்ததாக எழுதிய பல் மருத்துவர் உறுதிசெய்யவில்லை. அவர் வாயில் என் வார்த்தையை நான் வைத்தேன். குறை என் கண்ணில் இருந்தது.”

கண்ணுக்கு நான்கு சொல். போதும்.

மாலையில் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். முதல் பக்கம், அதே இடம், அதே எழுத்து அளவு என்றேன். நான் வேலை பார்த்த பத்திரிகையில் திருத்தங்கள் உள்ளே கடைசியில், வானிலைக்குக் கீழே போகும். அதை அவரிடம் சொல்லவில்லை.

“சரி, போடுங்க” என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அறுபது பிரதி. அஞ்சலில் போக வேண்டியதை மட்டும் அனுப்பிவிட்டு, குழுவினருக்கு வங்கிக்காரர் வீட்டு மாடியில் நானே கையில் கொடுத்தேன். ஆளுக்கு ஆள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தார்கள்.

தபால்காரர்தான் பேசினார். “அப்ப நான் வெளியூர்லேர்ந்து வரவழைச்ச அந்தத் தண்டத்த என்ன பண்றது?” எல்லாரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: “அடுத்த வாரம் அங்கயே போயிருவோம். முதல்ல நீங்க உள்ள போங்க, நாங்க பின்னாடி வர்றோம்.”

ஏப்ரல் 27, ஞாயிறு

முதலில் உள்ளே போனேன். பின்னறையில் நாற்காலி எட்டுதான், வந்தவர்கள் ஒன்பது பேர். நான் நின்றேன். டீ வந்தது, கடைசியாக எனக்கு. தபால்காரர் இரண்டு வெள்ளை வாங்கினார். எனக்குக் கேட்கும்படி எண்ணி வாங்கினார்.

கடைக்காரம்மா மற்றவர்களோடு பேசினார். என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 30, புதன்

கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது செவிலியின் அங்கி. அது வெள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு வெள்ளையா? நீலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, மடிப்புகளில் ஊதாச் சாயலோடு. வலது கண்ணை மூடித் திறந்து, இடதை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கண்ணுக்கு அங்கி, மறு கண்ணுக்கு அதே அங்கி டீயில் நனைந்தது. செவிலி, “சார், கண்ணடிக்கிற மாதிரி இருக்கு” என்றார். மனைவி வெட்கப்பட்டாள்.

வீட்டுக் கூடத்துச் சுவர் கிரீம் நிறம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். “அது வெள்ளைதாங்க. நாம அடிச்சது வெள்ளை” என்றாள்.

பிறகு ஜன்னல் விளிம்புக்குப் போய் என் ஐந்து சிப்பாய்களையும் பார்த்தேன். விஷம் குடித்தவர்கள்தான். சந்தேகமே இல்லை.

மே 12, திங்கள்

தூரிகை எடுக்கலாம் என்று டாக்டர் முந்தாநாள் சொன்னார். வலது கண்ணுக்கு அடுத்த மாதம். இந்த இடைவெளி திரும்பக் கிடைக்காது என்பதால் ஒரு சோதனை செய்தேன். உபரியாக இருந்த இரண்டு சிப்பாய்கள். ஒரே புட்டி, ஒரே தட்டு. முதலாமவனை இடது கண்ணை மறைத்து, பழைய கண்ணால் மட்டும் தீட்டினேன். வெள்ளை எனத் தோன்றும்வரை கலந்தேன். இரண்டாமவனைப் புதுக் கண்ணால் மட்டும். ஒற்றைக் கண்ணால் தீட்டினால் தூரம் பிடிபடாது. நாலு தடவை தூரிகை காற்றைத் தீட்டியது.

முதலாமவனுக்கு நீலம் எட்டுப் பொட்டு விட்டிருக்கிறேன். இரண்டாமவனுக்குப் பூஜ்யம்.

இன்னொன்றும் தெரிந்தது. இதை எதிர்பார்க்கவில்லை. புதுக் கண்ணால் நிழலைப் பார்க்கும்போது, வெள்ளைக் கவசத்தின் இடுக்கில் உண்மையிலேயே நீலம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிய இடத்தில் வானத்தின் நிறம், தரையைப் பார்க்கிற இடத்தில் மேசை மரத்தின் நிறம். வெள்ளை தன் நிறத்தை எங்கேயும் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. இத்தனை வருடம் எல்லா இடுக்கிலும் ஒரே பழுப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் அதைச் ‘செய்முறை’ என்று வேறு எழுதிவைத்திருக்கிறேன்.

ஐந்து பேரையும் திரும்பத் தீட்ட வேண்டும். பதின்மூன்று நாள் இருக்கிறது.

மே 19, திங்கள்

மூன்று முடிந்தது. தோளில் வெள்ளை. முழங்காலுக்குக் கீழே சகதியின் நிறம் ஏறிய வெள்ளை. கவசம் உரிந்த இடங்களில் கரும்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றி, ஒவ்வொரு உரிசலுக்கும் கீழ் விளிம்பில் முடியளவு வெள்ளைக் கோடு. அந்தக் கோடுதான் உரிசலை ஆழமாகக் காட்டுகிறது. மச்சினன் வந்து பார்த்து, பட்டையை எடுத்து ஒவ்வொன்றின் மார்பிலும் வைத்துப் பார்த்தான். “பல்லு சுத்தமா இருக்கு, அடுத்த ஆள வரச்சொல்லுங்க” என்றான்.

மே 25, ஞாயிறு

காட்சி முடிந்தது. பத்துப் பேரும் ஒன்றாக நின்றார்கள். எது யாருடையது என்று வங்கிக்காரர் மூன்று முறை ஊகித்து மூன்று முறையும் தவறினார்.

கடைக்காரம்மா வந்திருந்தார். எங்கள் மேசை முன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எல்லாம் நம்ம வெள்ளையா?” என்று மச்சினனைக் கேட்டார். ஆமாம் என்றான். தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஜூன் 3, செவ்வாய்

தூரிகை கழுவுகிற சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். சோப்பைக் கொடுத்துவிட்டு, “நேரம் இருக்கா?” என்று கேட்டார். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

பெரிய டப்பா அனுப்புகிறவர் தொழிலை மூடுகிறாராம். வேறு மூன்று இடங்களிலிருந்து மாதிரி வந்திருக்கிறது. பழைய வெள்ளையோடு எது ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு பிளாஸ்டிக் கரண்டிகளை மேசையில் வைத்தார். முதுகில் வெள்ளை காய்ந்திருந்தது. காம்பில் எண் மட்டும். ஒன்று பழையது, எது என்று சொல்ல மாட்டேன் என்றார்.

“ஏற்கெனவே நாலு பேர் பாத்துட்டாங்க. நீங்க அஞ்சாவது.”

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சீட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

கரண்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பகல் பதினொன்றரை, மேகமில்லை, தெருவின் நிழல் பக்கம். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் ஒவ்வொன்றையும் பார்த்தேன். பிறகு அவற்றின் இடத்தை மாற்றிவைத்து இன்னொரு முறை. ஒன்றும் நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு சற்றுச் சாம்பல். மூன்று — மூன்றில் லேசாக மஞ்சள் இருப்பதாகத் தோன்றியது. அந்தச் சொல்லை எழுதக் கை தயங்கியது. மறுபடி பார்த்தேன். தோன்றியது.

‘எனக்கு’ என்று தொடங்கி எழுதினேன். எனக்கு மூன்று லேசாக மஞ்சளாகத் தெரிகிறது.

சீட்டை மடித்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்காமல் கல்லா மேலிருந்த தகர டப்பாவில், மற்ற நான்கு சீட்டோடு போட்டு மூடினார். இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டுமாம்.

வீடு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த நான்கு சீட்டில் என்ன இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.